எட்டும் இரண்டும் ஆறு

"ரெண்டு அலை மோதினா உயரம் கூடத்தானே செய்யும்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். குளத்துச் சிற்றலைக்கு அது சரி. சாலிட்டான் எனும் தனியலையிடம் அந்தக் கணக்கு செல்லாது.

1834-இல் எடின்பரோ அருகே யூனியன் கால்வாயில் படகு சட்டென நிற்க, முன்னால் கிளம்பிய நீர்மேட்டை ஜான் ஸ்காட் ரஸ்ஸல் குதிரையில் துரத்திய கதை பலருக்கும் தெரிந்ததே. கோர்ட்டவேக்கும் டி வ்ரீஸும் 1895-இல் அதற்குச் சமன்பாடு எழுதினார்கள். அதன்படி உயரமான அலைதான் வேகமாக ஓடும்.

முன்னால் 2 அலகு உயரத்தில் ஒரு குட்டை அலை. பின்னாலேயே 8 அலகு நெட்டை. இரண்டும் ஒன்றாகிற கணத்தில் உயரம் 10 ஆகுமா? சமன்பாடு தரும் விடை 6. கூட்டல் இல்லை, கழித்தல்! பிறகு இரண்டும் பழைய உயரத்தோடே பிரிகின்றன. நெட்டை போயிருக்க வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால் நிற்கும், குட்டை சற்றுப் பின்னால். மோதியதற்கு மிஞ்சும் தடயம் அவ்வளவே.

உயரங்கள் நெருக்கமாக இருந்தாலோ, அவை ஒன்றாவதே இல்லை. பின்னது கிட்டே வந்ததும் தேயும். முன்னது வளர்ந்து ஓட்டமெடுக்கும். கேரமில் ஒரு காய் இன்னொரு காயை நேராக அடித்துவிட்டு நின்றுவிட, அடிபட்டது பாயுமே, ஏறக்குறைய அப்படி. அப்புறம் எது எதை முந்தியது என்று எப்படிச் சொல்வது?

இந்த மோதல்களைக் கணினியில் பார்த்து, 1965-இல் சாலிட்டான் என்று பெயரிட்டவர்கள் ஸபுஸ்கியும் க்ருஸ்கலும். அவர்களைத் தூண்டியது 1955-ஆம் ஆண்டின் லாஸ் அலமோஸ் ஆய்வக அறிக்கை. ஃபெர்மி, பாஸ்தா, உலாம் என்று மூன்று ஆசிரியர்கள். மேனியாக் கணினிக்கு நிரல் எழுதி ஓட்டிய மேரி ட்சிங்கோவுக்கு அடிக்குறிப்பில் ஒரு நன்றி; ஆசிரியர் வரிசையில் இடமில்லை. அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் பரவியது 2008-க்குப் பிறகுதான். கணக்குப் போட்டவரை எழுத்தராக எண்ணும் புத்தி நம் ஆய்வகங்களிலும் உண்டு. இனியாவது விட வேண்டும்.

எல்லாச் சாலிட்டான்களும் இப்படிக் காயமின்றித் தப்புவதில்லை. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் ராதாகிருஷ்ணனும் லட்சுமணனும் ஃபின்லாந்தின் ஹியடரின்டாவோடு சேர்ந்து 1997-இல் காட்டியது இது: ஒளியிழையில் இரு கூறுகளாகப் பயணிக்கும் ஒளித்துடிப்புகள் மோதினால், கூறுகளுக்கிடையே ஆற்றல் இடம் மாறுகிறது, ஒவ்வொரு துடிப்பின் மொத்த ஆற்றல் மட்டும் மாறாது. இந்த மோதல்களைக் கொண்டே கணக்குப் போடும் கணினிக்கும் அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் யோசனை சொன்னார்கள்.