கையில் ஏன் காயம்?

அவிநாசியில் ஒரு பழங்கதை உண்டு. ஒரு வீட்டில் பூணூல் கல்யாணம். எதிர் வீட்டில் அழுகுரல். அந்த வீட்டுப் பிள்ளையைச் சில ஆண்டுகளுக்கு முன் முதலை விழுங்கி விட்டது. அந்த வழியே வந்த சுந்தரர், "ஏன் அழுகிறீர்கள்?" என்று கேட்டார். குளக்கரைக்குப் போய்ப் பாடினார். முதலை பிள்ளையைத் திருப்பித் தந்தது என்பார்கள்.

பாட்டு பின்னால் வந்தது. முதலில் அவர் கேட்டார்!

இன்று அந்தப் பக்கத்தில் தாயும் தந்தையும் பனியன் கம்பெனிக்குப் போகிறார்கள். ஷிப்டு முடிந்து வரும்போது பிள்ளை தூங்கி விடுகிறது. அதன் கையில் உள்ள காயம் கண்ணில் படுவதில்லை.

சில பிள்ளைகள் தங்களைத் தாங்களே காயப்படுத்திக் கொள்கிறார்கள். மனச்சோர்வு, பயம், தாங்க முடியாத துக்கம் இவையே காரணம். எல்லோரும் சாக நினைத்துச் செய்வதில்லை. ஆனாலும் அலட்சியம் கூடாது. பின்னால் உயிருக்கே ஆபத்து வரக்கூடும்.

எப்படித் தெரியும்?

விளையாட்டில் விழுந்தால் முட்டி சிராய்க்கும். எங்கே விழுந்தது என்று பிள்ளையே சொல்லும். ஒரே மாதிரிக் காயம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் கவனிக்க வேண்டும். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுப்பது, கேட்டால் பேச்சை மாற்றுவது இவையும் அறிகுறிகள். வேறு யாராவது அடித்த காயமாகவும் இருக்கலாம். அதையும் பக்குவமாக விசாரிக்க வேண்டும்.

பேச வராத பிள்ளை

ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகள் சுவரில் தலையை முட்டுவார்கள், கையைக் கடிப்பார்கள். அது பிடிவாதம் அல்ல. காது வலியோ பல் வலியோ இருக்கலாம். அதைச் சொல்ல அவர்களுக்குப் பேச்சு இல்லை. முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

என்ன செய்வது?

அடிக்கக் கூடாது. "ஊர் சிரிக்கும்" என்று மறைக்கவும் கூடாது. தனியே உட்கார வைத்து, "ஏன் கண்ணு, மனசுக்குச் சங்கடமா இருக்குதா?" என்று கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் அதிகமாகும் என்பது தவறு.

பிறகு அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், மனநல டாக்டரிடம் காட்ட வேண்டும். போலீஸ் கேசு ஆகுமோ என்று பயந்து வீட்டில் வைத்திருக்கக் கூடாது. தற்கொலைக்கு முயன்றவரைக்கூடத் தண்டிக்காமல் சிகிச்சை தர வேண்டும் என்பதே 2017-ம் ஆண்டு மனநலச் சட்டத்தின் நோக்கம்.

2022-ல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' எண் 14416. இரவும் பகலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். காயம் பெரிதானால் உடனே 108.

நைட் ஷிப்டு முடிந்து வந்தாலும், பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.