எந்தச் செயலியிலும் ஒரே விடை

ஆய்வுகூடம் ஒன்றின் பெரிய கணக்கைச் சிறு துண்டுகளாக்கி, வீடுகளில் சும்மா கிடக்கும் கணினிகளுக்கு இணையம் வழியாக அனுப்பிச் செய்விக்கும் முறைக்குத் தன்னார்வக் கணிப்பு என்று பெயர். கணினியின் சொந்தக்காரர் மென்பொருள் ஒன்றை நிறுவிவிட்டால் போதும். அது ஆய்வுகூடத்திலிருந்து துண்டொன்றைப் பெற்று, கணினி ஓய்வாக இருக்கும் வேளையில் கணித்து, விடையைத் திருப்பி அனுப்பும். 1996 இல் தொடங்கிய ஜிம்ப்ஸ் திட்டம் பெரிய முதன்மை எண்களை இப்படித் தேடியது. 1999 மே 17 அன்று கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் தொடக்கிய செட்டி அட் ஹோம், அரெசிபோ வானொலித் தொலைநோக்கி பதிந்த சமிக்ஞைகளில் வேற்றுலக அறிவின் தடயத்தைத் தேடி இம்முறையை உலகறியச் செய்தது. திட்டத்துக்குத் திட்டம் தனி மென்பொருள் எழுதும் வீண்வேலையைத் தவிர்க்க, டேவிட் அன்டர்சன் 2002 இல் அதே பெர்க்லியில் பொயின்க் என்ற பொதுத் தளத்தை உருவாக்கத் தொடங்கினார். இன்று ஐன்ஸ்டைன் அட் ஹோம், ரொசெட்டா அட் ஹோம், எல்எச்சி அட் ஹோம் போன்ற திட்டங்கள் அதன்மேல்தான் ஓடுகின்றன.

இந்த ஏற்பாட்டில் மென்பொருள் இரண்டு அடுக்காக இருக்கிறது. மேலே இருப்பது பொயின்க் கிளையன்ட்: துண்டுகளைப் பெறுவது, வரிசைப்படுத்துவது, விடையை அனுப்புவது அதன் வேலை. கீழே இருப்பது ஒவ்வொரு திட்டத்தின் அறிவியல் செய்நிரல். புரதத்தை மடிப்பதும் துடிவிண்மீனைத் தேடுவதும் அதுதான். புதிய செயலி ஒன்று சந்தைக்கு வரும்போது இரண்டையும் அதற்காக மாற்றியமைக்க வேண்டும். பொறியியலாளர்கள் இதைப் போர்ட் செய்வது என்பார்கள். கிளையன்ட் மட்டும் புதிய செயலியில் ஓடினால் பயனில்லை. எந்தத் திட்டமும் அந்தச் செயலிக்கான அறிவியல் செய்நிரலைத் தராதவரை, கிளையன்ட் வேலை கேட்டுக்கொண்டும் வேலை இல்லை என்ற பதிலைப் பெற்றுக்கொண்டும் இருக்கும்.

ஒரு செயலிக்காகத் தயாரித்த செய்நிரல் இன்னொன்றில் ஓடாததற்குக் காரணம் கட்டளைத் தொகுதி. ஒவ்வொரு செயலிக் குடும்பத்துக்கும் தனக்கென ஒரு பொறிமொழி உண்டு. இன்டெல், ஏஎம்டி செயலிகள் எக்ஸ்86 கட்டளைகளைப் புரிந்துகொள்ளும். கைபேசிகளிலும் ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிகளிலும் 2020 நவம்பரிலிருந்து அப்பிள் மடிகணினிகளிலும் இருப்பவை ஆர்ம் கட்டளைகளை ஏற்கும் செயலிகள். ரிஸ்க்-ஃபைவ் இன்னொரு குடும்பம். சி போன்ற மொழியில் எழுதிய மூலக்குறியைத் தொகுப்பான் அந்தந்தப் பொறிமொழிக்கு மாற்றித் தரும் என்பதால், மீண்டும் தொகுத்தால் போதும் என்று தோன்றும். நடைமுறையில் அங்கேதான் சிக்கல்கள் தொடங்குகின்றன.

முதற்சிக்கல் பல வேளைகளில் தொகுப்பதற்கு முன்பே வந்துவிடும். யுனிக்ஸ் வழி மென்பொருள்களோடு, எந்தப் பொறியில் தொகுக்கிறோம் என்று ஊகிக்கும் சிறு கோப்பு ஒன்று சேர்ந்தே வருகிறது. பத்து வருடத்துக்கு முந்திய மூலக்குறியில் இருக்கும் அந்தக் கோப்புக்கு ரிஸ்க்-ஃபைவ் என்ற பெயரே தெரியாது. பொறியின் வகையை ஊகிக்க முடியவில்லை என்று அறிவித்து, அது தொடக்கத்திலேயே நின்றுவிடும். கோப்பைப் புதிதாக்கியதும் அடுத்தது வரும். எக்ஸ்86 செயலிக்கு மட்டுமே உரிய வேகக் கட்டளைகளைக் கேட்கும் தெரிவுகள் தொகுப்புக் குறிப்பில் எழுதப்பட்டிருக்கும். ஆர்ம் தொகுப்பான் அவற்றை ஏற்காது. பொயின்க் கிளையன்டில் இன்னொரு இடமும் உண்டு. லினக்ஸில் செயலியின் பெயரையும் இயல்புகளையும் அறிய அது ஒரு தகவற் கோப்பை வரி வரியாகப் படிக்கிறது. அந்தக் கோப்பின் வடிவம் செயலிக்குச் செயலி வேறு. இன்டெல் கணினியில் மாதிரிப் பெயர் என்று தனி வரி இருக்கும். பல ஆர்ம் கணினிகளில் அந்த வரியே இல்லை. இதனால் கிளையன்டின் மூலக்குறியில் எம்ஐபிஎஸ், அல்ஃபா, இட்டானியம், ஆர்ம் என்று செயலிக்கொரு கிளை முளைத்திருக்கிறது. அல்ஃபா கணினிகள் கடையிலிருந்து மறைந்து நெடுங்காலமாகிறது. யாரோ ஒரு தன்னார்வலர் தன் பொறிக்காக ஒருநாள் உட்கார்ந்து எழுதிய அந்த வரிகள் நன்றிக்குரியவை.

சத்தமில்லாத பிழைகள் இவற்றைவிட ஆபத்தானவை. சி மொழியில் ஒரு பைட் அளவுள்ள எழுத்து மாறிக்கு மறை எண் வருமா வராதா என்பதை மொழியின் தரம் தீர்மானிக்கவில்லை. அதைச் செயலித் தளத்தின் மரபுக்கு விட்டிருக்கிறது. எக்ஸ்86 இல் மறை எண் வரும். லினக்ஸ் ஓடும் ஆர்மிலும் ரிஸ்க்-ஃபைவிலும் வராது. முடிந்துவிட்டது என்பதைக் குறிக்க ஒரு செய்நிரலாளர் அந்த மாறியில் −1 ஐ வைத்து, பூச்சியத்தைவிடச் சிறியதா என்று சோதித்திருந்தால், இன்டெல் கணினியில் இருபது வருடம் பிழையின்றி ஓடிய அதே வரி ஆர்மில் −1 ஐ 255 ஆகப் படிக்கும். சோதனை ஒருபோதும் நிறைவேறாது, செய்நிரலும் நிற்காது. பழைய அப்பிள் கணினிகளின் பவர்பிசி செயலியில் எண்ணின் பைட்டுகள் எதிர்வரிசையில் அடுக்கப்பட்டதும் இதே வகைச் சிக்கல்தான். 2006 இல் அப்பிள் இன்டெலுக்கு மாறியபோது அந்தத் தலைவலி பெரும்பாலும் ஒழிந்தது.

அறிவியல் செய்நிரலுக்கு வரும்போது வேலை இன்னும் கனக்கிறது. ஒக்ஸ்போர்டிலிருந்து நடத்தப்படும் கிளைமேட் பிரடிக்ஷன் திட்டம், பிரித்தானிய வானிலை அலுவலகம் ஃபோர்ட்ரான் மொழியில் எழுதிய காலநிலை மாதிரிகளைப் பயன்படுத்துகிறது. பல இலட்சம் வரிகள் கொண்ட அம்மாதிரிகள் 32-பிட் செய்நிரல்களாகவே தன்னார்வலரிடம் போயின. 2019 ஒக்டோபரில் வந்த மக் இயங்குதளம் 32-பிட் செய்நிரல்களை அடியோடு கைவிட்டதும், அதற்கு மாறிய அப்பிள் கணினிகளில் அவை ஓட முடியாமற்போயின. ஜிம்ப்ஸ் திட்டத்தின் நிலை வேறு. அதன் இதயமான பெருக்கல் நூலகத்தை ஜோர்ஜ் வோல்ட்மன் எக்ஸ்86 பொறிமொழிக்கு ஒட்டிய அசெம்பிளி மொழியிலேயே எழுதினார். அந்த வேகத்துக்கு விலை, அது வேறெந்தச் செயலிக்கும் பெயராது என்பதே.

இவை எல்லாவற்றையும் கடந்து செய்நிரல் புதிய செயலியில் ஓடிவிட்டது என்று வைத்துக்கொண்டாலும், அது தரும் விடை மற்றக் கணினிகளின் விடையோடு ஒத்திருக்க வேண்டும். தன்னார்வக் கணிப்பில் ஒரே துண்டு வழக்கமாக இரண்டு கணினிகளுக்குப் போகும். ஒன்றையொன்று அறியாத இரு பரீட்சகர்கள் ஒரே விடைத்தாளைத் திருத்துவது போன்ற ஏற்பாடு அது. விடைகள் பொருந்தினால்தான் ஆய்வுகூடம் ஏற்றுக்கொள்ளும். முன்பின் அறியாத ஒருவரின் கணினியை நம்புவதற்கு வேறு எளிய வழி இல்லை. இரண்டு செயலிகளும் சரியாகவே கணித்தும் விடைகள் வேறுபட்டால் என்ன செய்வது?

அப்படி வேறுபடும் என்பதைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். மூன்று இலக்கங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாத கணினி ஒன்றை எடுத்துக்கொண்டு, 1.23 ஐ 4.56 ஆல் பெருக்கி 5.60 ஐக் கழிக்கச் சொல்லலாம். பெருக்கினால் 5.6088. மூன்று இலக்கத்துக்கு முழுமையாக்கினால் 5.61. அதிலிருந்து 5.60 ஐக் கழித்தால் விடை 0.01. இப்போது பெருக்கலையும் கழித்தலையும் ஒரே கட்டளையாகச் செய்து, இறுதியில் மட்டும் முழுமையாக்கும் செயலி ஒன்றிடம் அதே கணக்கைக் கொடுத்தால், அது 5.6088 இலிருந்து 5.60 ஐக் கழித்து 0.0088 என்கிறது. இரண்டும் விதிப்படிதான் செய்தன. ஆயினும் முதல் விடை இரண்டாவதைவிட எட்டில் ஒரு பங்குக்கு மேல் பெரியது. உண்மையான செயலிகள் இரட்டைத் துல்லிய எண்ணில் 53 பிட் வைத்திருப்பதால் வேறுபாடு பதினாறாம் இலக்கத்துக்கு அருகில் ஒளிந்துகொள்கிறது. 64-பிட் ஆர்மில் பெருக்கிக் கூட்டும் அந்த ஒருங்கிணைந்த கட்டளை எப்போதும் உண்டு. பரவலாகப் பயன்படும் ஜிசிசி தொகுப்பான் கேட்காமலேயே அதைப் பயன்படுத்தும். பழைய எக்ஸ்86 கணினிகளில் அந்தக் கட்டளை இல்லை. அவற்றுள் மிகப் பழையவை இடைநிலை விடைகளை 80 பிட்டில் வைத்திருந்ததால், அவற்றின் முழுமையாக்கம் இன்னொரு விதமாக அமைந்தது.

பதினாறாம் இலக்கத்து வேறுபாடு பெரிதா என்று கேட்டால், எல்எச்சி அட் ஹோம் திட்டத்துக்கு அது மிகப் பெரிது. ஜெனீவா அருகே 27 கிலோமீற்றர் வளையத்தில் புரோத்தன்களைச் சுழற்றும் சேர்ன் நிலையத்தின் மோதுபொறிக்காக, துகள்கள் நிலையாகச் சுற்றுமா என்பதை சிக்ஸ்ட்ராக் என்ற செய்நிரல் கணித்தது. ஒரு துகளை ஒரு இலட்சம் முதல் பத்து இலட்சம் சுற்றுகள் வரை பின்தொடர வேண்டும். இயக்கம் நிலைகுலையும் எல்லையில் சிறு வேறுபாடு சுற்றுக்குச் சுற்றுப் பெருகுகிறது. ஒரு கணினியில் தப்பிய துகள் இன்னொன்றில் தொலைந்துபோகும். ஆய்வு செய்தபோது, அடுக்குக்குறி, மடக்கை போன்ற சார்புகளை வெவ்வேறு செயலிகளும் நூலகங்களும் கடைசிப் பிட்டில் வேறுவிதமாக முழுமையாக்குவது தெரியவந்தது. பிரான்ஸின் லியோன் நகரில் உருவான, எப்போதும் சரியாக முழுமையாக்கும் கணித நூலகம் ஒன்றைச் சேர்த்து, தொகுப்பானின் சுதந்திரத்தையும் கட்டுப்படுத்திய பின்பே விடைகள் பிட்டுக்குப் பிட்டு ஒத்தன. போர்ட் செய்வதன் உண்மையான உழைப்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது. வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஒருமையைப் பெற்ற அந்த முடிவு சரியானது.

எல்லாத் திட்டங்களாலும் அவ்வளவு தூரம் போக முடியாது. அவற்றுக்காகப் பொயின்க் வேறு வழியையும் வைத்திருக்கிறது: ஒரு துண்டின் முதற்பிரதி எந்த வகைச் செயலிக்கும் இயங்குதளத்துக்கும் போனதோ, இரண்டாம் பிரதியும் அதே வகைக்கே போகும். புதிய செயலிக்காரர்களுக்கு இதில் ஒரு இடர் உண்டு. அவர்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால், ஒப்பிட இணைக் கணினி கிடைக்கும்வரை விடை காத்துக் கிடக்கும். வேறு திட்டங்கள் சிறு வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளும் ஒப்பீட்டு விதியை எழுதிக்கொள்கின்றன.

ஆர்ம் செயலிக்கான மாற்றம் வேகம் பிடித்தது 2020 இல். கொவிட் பரவியபோது, கொரோனா வைரசின் புரதங்களை ஆராய்ந்த ரொசெட்டா அட் ஹோமுக்கும் ஃபோல்டிங் அட் ஹோமுக்கும் உலகம் முழுதும் கணினிகள் குவிந்தன. ஃபோல்டிங் அட் ஹோமின் கூட்டு வேகம் அவ்வருடம் ஒரு எக்ஸாஃப்ளொப் என்ற மாபெரும் அளவைத் தாண்டியது. இரண்டு செய்நிரல்களும் அதே வருடத்தில் 64-பிட் ஆர்முக்குப் பெயர்க்கப்பட்டன.

கொழும்பு போன்ற நகருக்கு ஆர்ம் மாற்றம் ஏன் பொருட்டு என்பதை மின்பட்டியலே சொல்லிவிடும். கிருலப்பனையில் ஒரு வீட்டில் 100 வாட் இழுக்கும் மேசைக் கணினி இரவு பகலாகக் கணித்தால் 30 நாளில் 72 அலகு செலவாகும். வீட்டு மின்கட்டணம் அலகு கூடக் கூடப் படியேறுவதால், அந்த 72 அலகு வீட்டை மேற்படிகளுக்குத் தள்ளிவிடும். 7 வாட் இழுக்கும் ராஸ்பெரி பை அதே காலத்தில் 5 அலகுக்குச் சற்று மேல்தான் எடுக்கும். அது கணிக்கும் அளவும் குறைவுதான், ஆனால் அந்தச் செலவை ஒரு குடும்பம் தாங்கும். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டதை அனுபவித்த நகருக்கு இன்னொன்றும் முக்கியம்: அறிவியல் செய்நிரல் தன் நிலையை இடைக்கிடை வட்டில் எழுதிவைக்க வேண்டும். அந்த வசதி உள்ள செய்நிரல் மின்சாரம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இல்லாவிட்டால் முதலிலிருந்துதான். புதிய செயலிக்குப் போர்ட் செய்பவர்கள், சேமித்த நிலையிலிருந்து தொடங்கினாலும் அதே விடை வருகிறதா என்பதையும் சோதிக்க வேண்டும்.

கைபேசியில் ஆர்ம் செயலி இருந்தும் பாதை சீராக அமையவில்லை. பொயின்க் 2013 இல் அன்ட்ரொய்டுக்கு வந்தது. சார்ஜில் இருக்கும்போது, பற்றரி 90 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது, அதன் வெப்பம் 40 பாகையைத் தாண்டாதபோது மட்டுமே அது கணிக்கும் என்பது இயல்பான அமைப்பு. கொழும்பு வெயிலில் அந்தக் கடைசி நிபந்தனை அடிக்கடி குறுக்கே வரும். 2014 இல் அன்ட்ரொய்ட் 5 ஆம் பதிப்பு, நினைவகத்தில் எங்கு வைத்தாலும் ஓடக்கூடிய வடிவில் தொகுக்கப்படாத செய்நிரல்களை மறுத்ததால் திட்டங்கள் மீண்டும் தொகுக்க நேர்ந்தது. 10 ஆம் பதிப்புக்காக அமைக்கப்படும் மென்பொருள்கள், தாம் பதிவிறக்கிய செய்நிரலைத் தம் கோப்பகத்திலிருந்து நேரடியாக இயக்க முடியாது. பயனாளியைத் தீய மென்பொருளிலிருந்து காக்கும் நல்ல விதி அது. ஆனால் திட்டங்களின் செய்நிரல்களைப் பதிவிறக்கி இயக்குவதுதான் பொயின்கின் வேலையே.

இதுவரை சொன்னவை மையச் செயலிகளைப் பற்றியவை. வரைகலைச் செயலிக்கு மாறுவது வெறும் மறுதொகுப்பு அல்ல. ஆயிரக்கணக்கான சிறு கணிப்பலகுகள் ஒரே நேரத்தில் இயங்கும்படி கணக்கையே புதிதாக எழுத வேண்டும். அதன் பலனை ஜிம்ப்ஸ் கண்டது. 2024 ஒக்டோபரில் லூக் டூரன்ட் கண்டறிந்த, 41,024,320 இலக்கங்கள் கொண்ட முதன்மை எண், அத்திட்டத்தில் வரைகலைச் செயலி கண்டுபிடித்த முதல் எண். அதற்கு முந்திய 28 வருடங்களில் கிடைத்தவை எல்லாம் சாதாரணக் கணினிகள் தந்தவை.

அடுத்து நிற்பது ரிஸ்க்-ஃபைவ். பொயின்கைப் போலவே அதுவும் பெர்க்லியில் பிறந்தது, 2010 இல். அதன் கட்டளைத் தொகுதியை எவரும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்திச் செயலி செய்யலாம். சென்னை ஐஐடியில் வி. காமகோடி தலைமையில் உருவான சக்தி செயலிகள் அந்த வழியில் வந்தவை. 2018 இல் இன்டெலின் ஒரிகன் ஆலையில் 22 நானோமீற்றர் நுட்பத்தில் முதற்தொகுதியாக 300 சில்லுகள் செய்யப்பட்டன. அதே வருடம் சண்டிகரில் 180 நானோமீற்றரிலும் செய்யப்பட்டன. சக்தியின் சி வகுப்பு 64-பிட் செயலி லினக்ஸை இயக்கும். கட்டளைகளை வரிசை மாறாமல் நிறைவேற்றும் எளிய அமைப்பு என்பதால், வேகத்தில் மேசைக் கணினியோடு அதை ஒப்பிடக் கூடாது.

2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் தொகுப்பு, ரிஸ்க்-ஃபைவை முதன்முறையாக அதிகாரபூர்வத் தளமாக ஏற்றது. டெபியன் தொகுப்பில் பொயின்க் கிளையன்ட் இருப்பதால், மேல் அடுக்கின் வேலை அந்தச் செயலியில் பெரும்பாலும் முடிந்துவிட்டது. கீழ் அடுக்கு திட்டங்களின் கையில் இருக்கிறது. அவை தாமதித்தாலும், மூலக்குறியை வெளியிட்ட திட்டம் என்றால் தன்னார்வலர் காத்திருக்கத் தேவையில்லை. அவர் தானே தன் செயலிக்குத் தொகுத்து, எந்தத் திட்டத்துக்கு எந்தச் செய்நிரல் என்று சொல்லும் சிறு விபரக் கோப்பைத் திட்டத்தின் கோப்பகத்தில் வைத்தால் பொயின்க் அதை ஏற்றுக்கொள்ளும். ஆய்வுகூடம் துண்டை மட்டும் அனுப்பும், செய்நிரல் தன்னார்வலருடையது. அந்தச் செய்நிரல் தரும் விடையும் மற்றவற்றைப் போலவே வேறொரு கணினியின் விடையோடு ஒப்பிடப்பட்ட பின்னரே ஏற்கப்படும்.