கிளட்ச் மாற்ற இஞ்சினையே தூக்க வேண்டிய கார்

உங்கள் மகனோ தம்பியோ மோட்டார் பட்டறையில் வேலை பழகுகிறாரா? இந்தப் பக்கத்தை அவரையும் படிக்கச் சொல்லுங்கள். பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார்களை ஆசையோடு வைத்திருப்பவர்கள் நம் நாட்டிலும் இருக்கிறார்கள். அவற்றில் ஒன்று ஒரு நாள் அவருடைய பட்டறைக்கும் வந்து நிற்கலாம்.

அத்தகைய கார்களில் பேர்போனது எம்.ஜி.பி. இங்கிலாந்தில் அபிங்டன் என்னும் ஊரில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்டது. நான்கு சிலிண்டர், 1,798 சி.சி. இஞ்சின். பார்க்கச் சிறிய வண்டிதான். கிளட்ச் தேய்ந்துவிட்டால் பெரிய வேலை வைத்துவிடும்!

தோட்டத்து லோரியில் கிளட்ச் மாற்றுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அடியில் படுத்துக் கியர் பெட்டியைக் கழற்றிக் கீழே இறக்குவார்கள். எம்.ஜி.பி.யில் அந்த வித்தை பலிக்காது. கியர் பெட்டி மட்டும் கீழே இறங்க அதன் உடலமைப்பு இடம் கொடுப்பதில்லை. எட்டு அங்குலத் தகடு ஒன்றுக்காக இஞ்சினையே வெளியே தூக்க வேண்டும்.

ஆகவே, சங்கிலிக் கப்பியைத் தேடுவதற்கு முன் நோயைச் சரியாகக் கண்டுபிடியுங்கள். மேடு ஏறும்போது இஞ்சின் மட்டும் இரைந்து, வண்டி வேகம் பிடிக்காவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். பெடலை முழுதும் மிதித்தும் ரிவர்ஸ் கியர் கரகரவென்று முரண்டு பிடித்தால் கதை வேறாக இருக்கலாம். இந்தக் காரில் பெடலின் விசை குழாயிலுள்ள திரவத்தின் வழியாகத்தான் கிளட்சுக்குப் போகிறது. மேலே ஒரு சிலிண்டர், கியர் பெட்டியின் ஓரத்தில் இன்னொரு சிலிண்டர். இவற்றின் ரப்பர் கெட்டுக் கசிந்தாலே கிளட்ச் முழுதாக விடுபடாது. அதைவிட வேடிக்கை, பெடலையும் சிலிண்டர் தண்டையும் இணைக்கும் சின்னஞ்சிறு பின். அது தேய்ந்து, அதன் துளையும் அகன்றுவிட்டால், மிதிக்கும் மிதியில் ஒரு பங்கு அங்கேயே வீணாகிவிடும். இதைப் பாராமல் இஞ்சினைக் கழற்றிப் புதுக் கிளட்ச் போட்டவர், வேலை முடிந்த பிறகும் அதே கரகரப்பைத்தான் கேட்பார்.

இஞ்சினைத் தூக்கத்தான் வேண்டும் என்றால், பாட்டரி இணைப்பைக் கழற்றி, போனட், ரேடியேட்டர், புகைக்குழாய், கியர் கம்பி, பின்சக்கரத்துக்குப் போகும் நீண்ட தண்டு ஆகியவற்றை விடுவிக்க வேண்டும். கியர் பெட்டியோரச் சிலிண்டரைக் குழாயோடு அப்படியே கழற்றி ஒதுக்கிக் கட்டிவிடலாம். திரவத்தை வடிக்கும் வேலை மிச்சம். இஞ்சினும் கியர் பெட்டியும் ஒன்றாகவே, முன்பக்கம் உயர்ந்து, வால்பக்கம் தாழ்ந்து வெளியே வரும். இது ஒற்றை ஆள் செய்யும் வேலையன்று. தொங்கும் இஞ்சினுக்கு அடியில் கையோ காலோ போகவே கூடாது. முதலாளி அவசரப்படுத்தினாலும் சரி!

இன்னொன்றை மிக அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துக் கிளட்ச் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால், பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய்கூட வரலாம். காற்றுக் குழாயைப் பிடித்து ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். வேலை உடுப்பை வீட்டில் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் வேண்டாம்.

கிளட்ச் தகடு, அதை அழுத்தும் மூடி, விடுவிக்கும் கார்பன் வளையம் மூன்றையும் ஒருசேர மாற்றுவதே புத்தி. (பெடல்மேல் காலை வைத்தபடியே ஓட்டும் அண்ணன்மார்களின் கைங்கரியத்தை அந்த வளையத்தில் பார்க்கலாம்.) எண்ணெய்க் கசிவையும் இப்போதே அடைத்துவிடுங்கள்.

கியர் பெட்டியையும் மாற்றுவதாக இருந்தால் வண்டியின் ஆண்டைக் கேளுங்கள். தொடக்ககால வண்டிகளில் முதல் கியருக்குச் சிங்க்ரோமெஷ் கிடையாது. ஓடும்போதே அதில் போட்டுப் போட்டுப் பற்கள் சிதைந்திருக்கும். 1967 இறுதியில் நான்கு கியருக்கும் சிங்க்ரோமெஷ் வந்தது. ஆனால் அந்தப் பெட்டி பெரியது. அதற்காக வண்டியின் நடுத்தளத்தையே அகலப்படுத்தினார்கள். விலை மலிவு என்று அதை வாங்கிவந்தால் பழைய வண்டியில் தகட்டை வெட்டாமல் நுழையாது.

பூட்டும்போது தகட்டின் எந்த முகம் இஞ்சின் பக்கம் என்று இருமுறை பாருங்கள். தகட்டை நடுமையத்தில் நிறுத்தி, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கியர் பெட்டியை இஞ்சினோடு சேர்க்கையில் அதன் பாரம் தகட்டில் தொங்கினால் புதுத் தகடு கோணிவிடும். போல்ட்டுகள் இறுகும்வரை ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

கடைசியில் எண்ணெய். தொடக்ககாலப் பெட்டிக்கு இஞ்சினுக்கு ஊற்றும் எண்ணெயேதான். ஊற்றும் வாயை வண்டிக்கு அடியில் தேடி அலைய வேண்டாம். அது காருக்குள்ளே, விரிப்புக்கு அடியில், ஒரு ரப்பர் மூடிக்குக் கீழே இருக்கிறது.