திரையில் ஒரு கட்டபொம்மன், ஏட்டில் ஒரு கட்டபொம்மன்

மாப்பிள்ளையூரணிப் பக்கத்தில் கோயில் கொடை என்றால் இரண்டு ஒலிகள் காதில் விழும். ஒன்று வில்லுப்பாட்டு; மற்றொன்று ஒலிபெருக்கியில் முழங்கும் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ கதை வசனம். என் தாத்தா கைநாட்டுப் பேர்வழி. ஆயினும் ஜாக்சன் துரையை எதிர்த்துக் கட்டபொம்மன் பேசும் வசனத்தை மூச்சு விடாமல் ஒப்பிப்பார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நானே முதல்வன் ஆதலால், எனக்கு முன் எங்கள் வீட்டிலிருந்த ஒரே வரலாற்று நூல் அந்தப் படந்தான்.

பி. ஆர். பந்துலுவின் இயக்கத்தில் 1959-இல் வெளிவந்த வண்ணப்படம் அது. சக்தி டி. கே. கிருஷ்ணசாமியின் வசனம், ஜி. ராமநாதனின் இசை, சிவாஜி கணேசனின் நடிப்பு. 1960-இல் கெய்ரோ நகரில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தது. படமாவதற்கு முன்பே, 1957-இல் சேலத்தில் இது நாடகமாக அரங்கேறிற்று. பாத்திரங்கள் நேருக்கு நேர் நின்று நீண்ட வசனம் பேசுவதற்கு அந்த மேடைப் பிறப்பே காரணம். வெள்ளையத்தேவன், வெள்ளையம்மாள் காதல் கதையைப் பாதியாகக் குறைத்திருக்கலாம் என்பது என் கருத்து.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. கட்டபொம்மனைக் கொள்ளைக்காரன் என்று சொல்வோரும் உண்டு. தமிழ்வாணன் அந்தப் பெயரிலேயே ஒரு நூல் எழுதினார். கும்பினியார் கடிதங்களும் ஏறக்குறைய அதையே சொல்கின்றன. அப்படியானால் படம் பொய்யா?

இதற்கு விடை காண, பாளையக்காரர் என்றால் யார் என்று தெரிய வேண்டும். அவர்கள் தம் பாளையத்தில் வரி வாங்கியதோடு நில்லாமல், சுற்றுக் கிராமங்களைக் காவல் காத்து அதற்கெனக் காவல் கூலியும் பெற்றனர். தேசகாவல், ஸ்தலகாவல் என்று அதற்குப் பெயர். நவாபுடன் 1792-இல் செய்த உடன்படிக்கையால் பாளையக்காரரிடம் கப்பம் வாங்கும் உரிமை கும்பினிக்குக் கிடைத்தது. அதன் பின் அதே ஒரு மரக்கால் நெல்லுக்கு இரண்டு பெயர்கள். வாங்குகிறவர் கணக்கில் அது காவல் உரிமை. கும்பினி கணக்கில் கொள்ளை. கொடுத்த குடியானவன் அதை என்னவென்று சொன்னானோ, அதை எவரும் எழுதி வைக்கவில்லை. எட்டயபுரத்தோடு அருங்குளம், சுப்பலாபுரம் கிராமங்களைப் பற்றி இருந்த பழைய தகராறும் இதில் சேர்ந்துகொண்டது.

இனி வரி. படத்தில் வரி என்ற சொல்லே கட்டபொம்மனைச் சீறச் செய்கிறது. ஏட்டிலோ கணக்கு இருக்கிறது. 1798 மே மாதக் கடைசியில் நிலுவை 3310 பகோடா. செப்டம்பரில் இராமநாதபுரத்தில் ஜாக்சனைச் சந்தித்தபோது மீதி நின்றது 1080 பகோடாவே! அந்தச் சந்திப்புக்காக அவர் குற்றாலத்திலிருந்து ஜாக்சன் போன ஊர்களுக்கெல்லாம் இருபத்து மூன்று நாள் பின்னாலேயே அலைந்திருக்கிறார். அங்கு மூண்ட கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் மாண்டான். தானாபதி சுப்பிரமணிய பிள்ளை சிறைப்பட்டார். பின்னர் கும்பினியே அமைத்த விசாரணைக் குழு கட்டபொம்மன் மேல் குற்றமில்லை என்றது. ஜாக்சன் வேலை இழந்தான். அலைந்து, பொறுத்து, பாக்கியைப் பெரும்பாலும் கட்டி முடித்து, அதற்கு மேலும் அவமதிக்கப்பட்டு வாளெடுத்த மனிதர், முதல் நாளே உறுமிய மனிதரைவிட எனக்கு நெருக்கமானவராகத் தோன்றுகிறார்.

கோட்டையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். போர்க் காட்சிகள் ஜெய்ப்பூரில் எடுக்கப்பட்டவை. பாஞ்சாலங்குறிச்சியோ கரிசலும் பனையும் உடைமரமும் சூழ்ந்த ஊர், கோட்டை மண்கோட்டை. மண் என்று இகழ வேண்டாம். பீரங்கிக் குண்டு பட்டால் கல் சிதறும். மண் குண்டின் வேகத்தை விழுங்கிக்கொள்ளும். இது பௌதிகம். கட்டபொம்மன் மறைந்தபின், 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை சில நாளில் எழுப்பிய மண்சுவர், மார்ச் மாதக் கடைசியில் வந்த படையைத் திருப்பியனுப்பியது. மே 24 வரை விழவில்லை. அந்த நாட்களில் நம் தூத்துக்குடித் துறையும் ஊமைத்துரை ஆட்கள் கைக்கு வந்தது. பிடிபட்ட வெள்ளையரைக் கொல்லாமல் விட்டனர் என்று கால்டுவெல் தம் திருநெல்வேலிச் சரித்திரத்தில் எழுதுகிறார். படம் 1799-உடன் முடிவதால் இவை எதற்கும் அதில் இடமில்லை.

அந்த 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் நடந்ததைப் படம் வசன மழையாக்குகிறது. மறுநாள் மேஜர் பானர்மேன் மேலிடத்துக்கு எழுதிய கடிதம் வேறுவிதமாக இருக்கிறது. கட்டபொம்மன் சற்றும் அஞ்சவில்லை. கூடியிருந்த எட்டயபுரம், சிவகிரிப் பாளையக்காரர்களை வெறுப்போடு பார்த்தார். ஊமைத் தம்பியை எண்ணி மட்டுமே கவலைப்பட்டார். மரத்தடிக்கு வந்ததும் கோட்டையை விட்டு வந்ததற்காக வருந்தினார் என்று தூக்கிலிட்டவனே எழுதுகிறான். பகைவன் கையெழுத்தில் இதைவிடப் பெரிய புகழ் வேண்டுமா?

அங்கே கூடியிருந்த பாளையக்காரர் பலர். திருக்களம்பூர்க் காட்டில் அவரைப் பிடித்துக் கொடுத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். ஆனால் படத்துக்கு ஒரே ஒரு துரோகி போதுமானதாக இருந்தது; அவன் பெயர் வசைச் சொல்லாகிவிட்டது. என் வகுப்புத் தோழன் ஒருவன் எட்டயபுரத்துக்காரன். தறி நெய்கிற வீட்டுப் பிள்ளை. முதலாண்டு முழுதும் அவனை “எட்டப்பா” என்றே அழைத்தோம். நானும்தான். ஒருநாள் அவன், “பாரதியார் ஊருன்னு ஒருத்தனும் கூப்பிடலியேடா” என்றான். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

சென்ற விடுமுறையில் அவனோடு பாஞ்சாலங்குறிச்சி போனேன். 1974-இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டையில் கூட்டமிருந்தது. பக்கத்தில் தொல்லியல் துறைக் காவலில் உள்ள பழைய அடித்தளத்தில் நாங்கள் இருவர்தான். திரும்பும் வழியில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். தாத்தா எந்த ஊர் என்று கேட்டார். அவன் சொன்னான். அவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பின், “உக்காருங்க ஐயா, மொதல்ல சாப்பிடுங்க” என்றார்.

சாப்பிட்ட பிறகு பானர்மேன் கடிதத்தைத் தமிழில் அவருக்குச் சொன்னேன். கோட்டையை விட்டு வந்ததற்கு வருந்தினார் என்ற இடம் வந்ததும் என்னை நிறுத்தினார்.

“இத எதுக்குல படத்துல வைக்கல?” என்று கேட்டுவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார்.