மூச்சுப் பரிசோதனையில் பிழை நேராமல் இருக்க

கதிரடிக்கும் களத்தின் தூசியும், பூசணம் பிடித்த வைக்கோலிலிருந்து எழும் தூசியும் நுரையீரலைப் பாதிக்கக்கூடும் என்பதை விவசாயப் பெருமக்கள் அறிவீர்கள். இருமலும் மூச்சுத்திணறலும் நீடித்தால், ஸ்பைரோமீட்டர் என்னும் கருவியில் ஊதிப் பார்க்குமாறு மருத்துவர் கூறுவார். முழுமூச்சில் வெளிவரும் மொத்தக் காற்றையும், முதல் வினாடியில் வெளிவரும் காற்றையும் இக்கருவி அளக்கிறது.

வரப்போரத்திலோ எருக்குழி அருகிலோ மண் மாதிரி எடுத்தால், ஆய்வுக்கூடம் நன்றாக இருந்தும் உரப் பரிந்துரை தவறாகிவிடும். மூச்சுப் பரிசோதனையும் அத்தகையதே. அரைமூச்சில் ஊதினால் நல்ல நுரையீரலும் நோயுற்றதாகத் தோன்றும். பாதியில் நிறுத்திவிட்டால், மொத்த அளவு குறைந்து, முதல் வினாடி அளவின் விகிதம் கூடிவிடும். உள்ளே இருக்கும் மூச்சுக்குழல் அடைப்பு தெரியாமலே போகலாம்.

கருவியைச் சரிபார்த்தல்

தராசைப் படிக்கல்லால் சோதிப்பதைப்போல, 3 லிட்டர் சிரிஞ்சினால் காற்றைச் செலுத்திக் கருவியை நாள்தோறும் சோதிக்க வேண்டும். 2.91 லிட்டர் முதல் 3.09 லிட்டர் வரை காட்டினால் கருவி சரியாக உள்ளது எனலாம்.

ஊதும் முறை

பரிசோதனைக்கு முன் 1 மணி நேரம் பீடி, சிகரெட் புகைப்பதையும் கடின வேலையையும் தவிர்க்கவும். இடுப்பை இறுக்கும் உடை கூடாது. அண்மையில் மாரடைப்போ அறுவைச் சிகிச்சையோ ஏற்பட்டிருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லவும். உட்கொள்ளும் மருந்துகளையும் தெரிவித்து, அவற்றை நிறுத்த வேண்டுமா எனக் கேட்டறியவும். வயதையும் உயரத்தையும் கொண்டே அளவு ஒப்பிடப்படுவதால், வயதைத் தோராயமாகக் கூறாதீர்கள். உயரத்தைச் செருப்பின்றி அளக்கச் செய்யவும்.

நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கில் கிளிப் மாட்டி, நெஞ்சு நிறைய மூச்சை இழுக்கவும். காற்று கசியாதபடி குழலை உதடுகளால் இறுகப் பற்றி, தயங்காமல் ஒரே வேகத்தில் வெடித்தாற்போல் ஊதவும். பின்னர் காற்று முற்றும் தீரும் வரை விடாமல் ஊத வேண்டும். இதற்குச் சிலருக்கு 15 வினாடிகள்கூட ஆகலாம். முதல் வினாடியில் இருமல் வந்தால் அந்த அளவைக் கணக்கில் கொள்ளலாகாது.

ஒருமுறை போதாது

குறைந்தது 3 முறை சரியாக ஊத வேண்டும். பெரியவர்களுக்கு, அவற்றுள் மிக உயர்ந்த இரண்டு அளவுகளுக்கிடையே 150 மில்லிலிட்டருக்கு மேல் வேறுபாடு இருக்கக்கூடாது. இருந்தால் மீண்டும் ஊத வேண்டும். எனினும் பொதுவாக 8 முறைக்கு மேல் ஊதச் செய்வதில்லை.

ஆகவே, "இன்னொரு முறை ஊதுங்கள்" என்றால் சலிப்படையாதீர்கள். தலைசுற்றினால் உடனே சொல்லிச் சற்று ஓய்வெடுங்கள். முடிவுத் தாளைப் பத்திரப்படுத்தி, அடுத்த பரிசோதனையின்போது மருத்துவரிடம் காட்டி ஒப்பிட்டுப் பயன்பெறுவீர்களாக.