மேடை கிடைக்கல... ரெக்கார்டு போட்டாங்க! `ராக் ஓபரா' ஜோடி உருவான கதை

கதை ரெடி, பாட்டு ரெடி. ஆனா, மேடையேற்ற ஒரு தயாரிப்பாளரும் வரலை. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? லண்டனைச் சேர்ந்த ரெண்டு இளைஞர்கள், நாடகம் போடுறதுக்கு முன்னாடியே அதோட மொத்தப் பாட்டையும் இசைத்தட்டா வெளியிட்டாங்க!

1965. டிம் ரைஸுக்கு 20 வயசு. இசையமைக்கும் பையன் ஒருத்தன் பாடலாசிரியரைத் தேடுறதா கேள்விப்பட்டு, கடிதம் எழுதினார். அந்தப் பையன், 17 வயது ஆண்ட்ரூ லாயிட் வெப்பர். ஜோடி சேர்ந்து எழுதின முதல் நாடகம் `தி லைக்ஸ் ஆஃப் அஸ்'. அது மேடையேறினது எப்போ தெரியுமா? 2005-ல். சரியா 40 வருஷம் கழிச்சு!

ஆனா, அவங்க அசரலை. 1968-ல் ஒரு பள்ளியில் மாணவர்கள் பாடுறதுக்காக, பைபிள் யோசேப்பின் கதையைச் சின்ன இசை நிகழ்ச்சியா எழுதினாங்க. அடுத்து கையில் எடுத்தது இயேசுவின் கடைசி நாள்கள். அதுவும் ராக் இசையில்! யாரும் பணம் போடத் தயாரா இல்லை. அதனால், 1970-ல் `ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' ஆல்பமா வந்தது. இயேசுவா பாடியவர், `டீப் பர்ப்பிள்' ராக் குழுவின் இயன் கில்லன். அமெரிக்காவில் ஆல்பம் நம்பர் 1 ஆச்சு. தேடிப்போனப்போ கிடைக்காத மேடை, இப்போ தேடி வந்தது. 1971-ல் பிராட்வே, 1972-ல் லண்டன். லண்டனில் மட்டும் 8 வருஷம் ஓடியது.

சரி, ராக் ஓபரான்னா என்ன? சாதாரண மியூசிக்கலில் வசனமும் பாட்டும் மாறி மாறி வரும். ராக் ஓபராவில் கிட்டத்தட்ட வசனமே இருக்காது. சண்டை, காதல், துரோகம் எல்லாமே பாட்டுதான். இந்தப் பெயரைப் பிரபலமாக்கியது, 1969-ல் `தி ஹூ' குழு வெளியிட்ட `டாமி' ஆல்பம்.

இந்த ஜோடி வேலை செய்த விதம் நமக்கு ரொம்பப் பழக்கமானது. நம்ம சினிமா மாதிரியே பெரும்பாலும் முதலில் மெட்டு, அப்புறம்தான் வார்த்தை. `சூப்பர்ஸ்டாரி'ல் மக்தலேனா மரியாள் பாடும் புகழ்பெற்ற பாட்டின் மெட்டுகூட, முன்னாடி வேற வரிகளோட அவங்ககிட்ட இருந்ததுதான். கதைக்கு ஏத்த மாதிரி வரிகள் மாறின, மெட்டு நிலைச்சது.

`எவிட்டா'வுக்கும் அதே ஃபார்முலாதான். 1976-ல் ஆல்பம், 1978-ல் மேடை. அதுக்கப்புறம் பாதைகள் பிரிந்தன. வெப்பர், கவிஞர் டி.எஸ்.எலியட்டின் பூனைக் கவிதைகளுக்கு இசையமைத்து 1981-ல் `கேட்ஸ்' தந்தார். ரைஸ், `அப்பா' இசைக்குழுவினரோடு `செஸ்', எல்டன் ஜானோடு `தி லயன் கிங்' என்று போனார்.

2002-ல் வெப்பர் தயாரித்து லண்டனில் மேடையேறிய `பாம்பே ட்ரீம்ஸ்' மியூசிக்கலுக்கு இசை யார் தெரியுமா? நம்ம ஏ.ஆர்.ரஹ்மான்!

பிரிஞ்ச ஜோடி அப்புறம் சேரவே இல்லையா? சேர்ந்தாங்க. 1996-ல் `எவிட்டா' சினிமாவானப்போ, அதுக்காகப் புதுசா ஒரு பாட்டு எழுதினாங்க. அதுக்கு ஆஸ்கர் கிடைச்சது. எல்லாம் அந்த 20 வயசுப் பையன் தயங்காமல் எழுதின ஒரு கடிதத்தில் தொடங்கியது!