பயன்படுத்திய சரக்குந்து வாங்குதல்

பயன்படுத்திய சரக்குந்து வாங்குதல் என்பது, ஏற்கனவே ஒருவரால் இயக்கப்பட்ட வணிகச் சரக்குந்தை மற்றொருவர் விலைக்கு வாங்கித் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வதைக் குறிக்கும். சரக்குந்து பேச்சுவழக்கில் லாரி எனப்படுகிறது. இந்தியாவில் சம்பளத்துக்கு லாரி ஓட்டும் ஒருவர் சொந்தத் தொழில் தொடங்குவதற்குப் பெரும்பாலும் இதுவே முதற்படியாக அமைகிறது. புதிய வண்டியைவிட விலை குறைவு என்பது இதன் முதன்மையான நன்மை ஆகும். எனினும் வண்டியின் வயது, ஆவணங்கள், கடன் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாவிடில் குறைந்த விலைக்கு வாங்கிய வண்டியே இழப்புக்குக் காரணமாகலாம்.

பின்னணி

இந்தியச் சரக்குப் போக்குவரத்தில் ஓரிரு வண்டிகளை மட்டும் வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களின் பங்கு பெரியது. தமிழ்நாட்டில் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்கள் லாரித் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. பழைய லாரிகளுக்குக் கடன் வழங்குவதையே முதன்மைத் தொழிலாகக் கொண்ட ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் பைனான்ஸ் நிறுவனம் 1979ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்டது. 2022இல் இக்குழுமத்தின் நிறுவனங்கள் இணைக்கப்பட்டு ஸ்ரீராம் பைனான்ஸ் எனப் பெயர் பெற்றது.

ஓட்டுநர் உரிமம்

லாரியை வாங்குவதற்கு ஓட்டுநர் உரிமம் தேவையில்லை, ஓட்டுவதற்குத் தேவை. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன்படி போக்குவரத்து வண்டியை ஓட்டுபவர் 20 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். அதற்கான பழகுநர் உரிமம் பெறுமுன் இலகுரக வண்டி உரிமத்தைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும்.

வண்டியின் வயதும் பெர்மிட்டும்

ஒரு வண்டி எத்தனை ஆண்டுகள் ஓடும் என்பதும், எத்தனை ஆண்டுகள் நாடு முழுவதும் சரக்கேற்றிச் செல்லலாம் என்பதும் வேறு வேறானவை. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இரண்டு அச்சுகள் கொண்ட சரக்குந்துக்கு 12 ஆண்டுகள் வரையிலும், அதற்கு மேற்பட்ட அச்சுகள் கொண்டவற்றுக்கு 15 ஆண்டுகள் வரையிலும் மட்டுமே தேசிய பெர்மிட் செல்லுபடியாகும்.

எடுத்துக்காட்டாக, 9 ஆண்டு பழைய இரண்டு அச்சு லாரியை 4 ஆண்டுத் தவணையில் ஒருவர் வாங்குவதாகக் கொள்வோம். மூன்றாம் ஆண்டின் முடிவில் தேசிய பெர்மிட் முடிந்துவிடும். நான்காம் ஆண்டுத் தவணையை உள்ளூர் வாடகை வருமானத்திலேயே கட்ட வேண்டிவரும்.

வண்டி 8 ஆண்டுகளைக் கடந்தபின் தகுதிச் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 15 ஆண்டுகளைக் கடந்த வணிக வண்டிகளுக்கு இதற்கான கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் பன்மடங்கு உயர்த்தப்பட்டது.

சரிபார்க்க வேண்டிய ஆவணங்கள்

* பதிவுச் சான்றிதழ் (ஆர்.சி. புத்தகம்): இதிலுள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறிக்கப்பட்ட எண்களோடு ஒத்திருக்க வேண்டும்.
* கடன் குறிப்பு: சான்றிதழில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான படிவம் 35உம் தடையின்மைக் கடிதமும் பெற வேண்டும்.
* தகுதிச் சான்றிதழ் (எஃப்.சி.): இது காலாவதியான போக்குவரத்து வண்டி, முறையாகப் பதிவு செய்யப்பட்டதாகக் கருதப்படாது.
* சாலை வரி, அபராத நிலுவைகள்.
* பெர்மிட்: வண்டியோடு இது தானாகக் கைமாறுவதில்லை. போக்குவரத்து அதிகார அமைப்பின் அனுமதி தேவை.

வண்டியைச் சோதித்தல்

ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரை மட்டும் நம்ப இயலாது. பழக்கமான மெக்கானிக் ஒருவரைக் கொண்டு, எஞ்சின் சூடாவதற்கு முன் சோதிப்பது நல்லது. சைலன்சரிலிருந்து தொடர்ந்து நீலப் புகை வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது என்று பொருள். ஓடும் எஞ்சினின் எண்ணெய் மூடியைத் திறக்கையில் புகை வேகமாக வெளியேறினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். சேசிஸில் விரிசலோ பற்றவைத்த தடமோ காணப்பட்டால் அது அதிகப் பாரம் ஏற்றியதன் அடையாளமாக இருக்கலாம். புதிய பெயின்ட் இத்தகைய குறைகளை மறைக்கக்கூடும். டயர்களில் எத்தனை ரீட்ரேட் செய்யப்பட்டவை என்பதையும் எண்ணிப் பார்த்து விலை பேச வேண்டும்.

கடன் கணக்கு

பழைய வண்டிக்கான வட்டி பொதுவாகப் புதிய வண்டிக்கானதைவிட அதிகம். வட்டியை முழு அசலுக்கும் கணக்கிடுகிறார்களா, குறைந்துவரும் நிலுவைக்குக் கணக்கிடுகிறார்களா என்று கேட்டறிவது இன்றியமையாதது. 3 லட்சம் ரூபாய் கடனுக்கு முழு அசலின் மீது ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி எனில், 3 ஆண்டுகளில் வட்டி 1,08,000 ரூபாய். மாதத் தவணை சுமார் 11,333 ரூபாய். குறைந்துவரும் நிலுவை முறையில் இது சுமார் 21 விழுக்காடு வட்டிக்குச் சமம்.

முழுப் பணத்தையும் வண்டி விலைக்கே செலவிட்டால் டயர், காப்பீடு, முதல் பயண டீசல் ஆகியவற்றுக்குக் கையில் பணம் இராது. வண்டி பழுதாகி நிற்கும் மாதத்திலும் தவணை கட்டியாக வேண்டும்.

உரிமை மாற்றம்

விற்பவர் படிவம் 29 வழியாக விற்பனையைத் தெரிவிக்க வேண்டும். உரிமை மாற்றத்துக்கான விண்ணப்பம் படிவம் 30 ஆகும். வாங்குபவர் 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். பிற மாநில வண்டியெனில் படிவம் 28இல் தடையின்மைச் சான்று தேவை. காப்பீட்டு நிறுவனத்துக்கு 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி புதிய உரிமையாளருக்கு மாறியதாகக் கொள்ளப்படும். வண்டியின் சொந்தச் சேதத்துக்கான காப்பீடு அவ்வாறு தானாக மாறுவதில்லை.

பெயர் மாற்றாமல் வண்டியை ஓட்டும் வழக்கம் இரு தரப்பினருக்கும் தீங்கானது. விபத்து நிகழ்ந்த நாளில் பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளராகக் கருதப்பட்டு இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என இந்திய உச்ச நீதிமன்றம் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018இல் தீர்ப்பளித்தது.